பக்கவாட்டில்

இரண்டே மீட்டர்தான் என்றான் நாற்றுக்கடைக்காரன்.
ஏறும், அடம் பிடிக்காது, தொட்டியோடு அடங்கும் என்றான்,
வாடகைக்கு வரும் ஆளுக்கு
நற்சான்று எழுதுகிறவன் மாதிரி.

ஜனவரி. மூன்று முள்குச்சி, கீழே ஒரு பிடி வேர்.
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
எதிர் இருக்கைக்காரர் கேட்டார்:
அடுப்புக்கா?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
எதைப் பார்த்தாலும் முதலில் எடைதான் தோன்றும்.
தொட்டி, மண், அடியில் ஓட்டுச்சில், செடி:
காய்ந்த நாளில் முப்பத்தொரு கிலோ.
நாலாம் மாடி தாங்கும்.

இந்த த்ரியெஸ்தே நகரத்தில் போரா என்றொரு காற்று.
மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் வழியில்
கேட்காமல் எடுத்துக்கொள்ளும்:
குடை, குப்பைத்தொட்டி மூடி,
ஒருமுறை யாருடையதோ ஒரு முழு ஸ்கூட்டர்.
அது அடிக்கும் நாளில் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள்.
எனக்கு விடுமுறை, அதாவது
பால்கனித் தரையில் உட்கார்ந்து
தொட்டியைக் கட்டிப்பிடித்திருக்கும் வேலை.

கயிறும் முடிச்சும் என் பிழைப்பு.
நேராக மூங்கில் நட்டேன், நேராகக் கிளையை ஏற்றினேன்.
தூக்குவதென்றால் செங்குத்தாக. வேறு தெரியாது.
மார்ச்சில் செம்பு நிறத்தில் தளிர்.
ஏப்ரலில் அசுவினி. விரலால் நசுக்கிவிட்டு
பச்சை நகங்களோடு வேலைக்குப் போனேன்.
மே மாதம் உச்சியில் ஒரு பூ.
இரண்டு மீட்டர் என்றவன்
தொட்டியின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.
மேல்மாடிக்காரியின் சன்னலுக்கு நேராகப் பூத்தது.
"நன்றி நீவெஸ்!" என்று குரல் கொடுத்தாள்.
எனக்குக் கிடைத்தது காம்பு.

என் பால்கனிக்கும் அடுத்ததற்கும் நடுவே
புகைக்கண்ணாடித் தடுப்பு.
அந்தப் பக்கம் தானிலோ, ரொட்டிச் சூளையில் இரவுவேலை.
நான் இறங்கும்போது அவன் ஏறுவான், படியெல்லாம் மாவு மணம்.
ஆறு வருஷத்தில் பேசிக்கொண்டது
லிஃப்ட் பழுதைப் பற்றி மட்டும்.

ஜூனில் ஒரு கிளை
தடுப்பின் நாலு விரல் சந்தில் நுழைந்து அவனிடம் போய்விட்டது.
இழுத்துப் பார்த்தேன். முள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.
வெட்டிவிடுவான் என்று விட்டுவிட்டேன்.
நானாயிருந்தால் வெட்டியிருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு கப்பல் தாமதம்.
கூண்டில் சும்மா இருந்தவள்
தொலைநோக்கியில் என் வீட்டைத் தேடினேன்.
மஞ்சள் கட்டடம், நாலாம் மாடி,
இடப்பக்கம் என் பச்சைக் குச்சி.
வலப்பக்கம் சிவப்பாக ஒரு கோடு,
கிடையாக.

மாலையில் கம்பிக்கு வெளியே தலையை நீட்டினேன்,
பயிற்சியில் முதல்நாளே செய்யாதே என்று சொல்லித்தருவது அது.
கிளையை வளைத்துக் கம்பியோடு படுக்கவைத்திருந்தான்.
கணுவுக்குக் கணு எழுந்து நின்று பூத்திருந்தது.
பதினேழு வரை எண்ணினேன்.
கட்டியிருந்தது ஷூ நாடாவால்:
சின்னப் பிள்ளையின் நாடா, ஊதாவில் வெள்ளி நட்சத்திரம்,
எட்டு வடிவில், தளர்வாக,
கிளை தடிக்க இடம் விட்டு.

அந்த வீட்டில் பிள்ளைச் சத்தம்
நான் கேட்டதே இல்லை.

செப்டம்பரில் என் கட்டுகளை அவிழ்த்தேன்.
முதல் கிளை முறிந்தது, அவசரம்.
இரண்டாவதை நாளுக்கு ஒரு விரற்கடை சாய்த்தேன்.
பழைய காலுறையைக் கிழித்துக் கட்டினேன். நாடா என்னிடம் இல்லை.

நவம்பரில் போரா. கிரேன் நின்றது.
தொட்டி நகர ஆரம்பித்தது.
இலையெல்லாம் பாய்மரம் என்பதை
நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.
பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
புகைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் குந்தியது.
அந்த முனையை அவன் பற்றியிருக்க வேண்டும்,
இழுப்பு சட்டென்று பாதியானது.

காற்றுக்கு மேலே எதையோ கத்தினான்.
ஒரு பெயர் போலக் கேட்டது.
"என்ன?" என்று கத்தினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "தண்ணீர்!
தண்ணீர் ஊற்று, காற்று குடித்துவிடும்!"

முதலில் சொன்னது அது இல்லை என்று நினைக்கிறேன்.
ஊற்றினேன், ஒரு வாளி.
பத்துக் கிலோ கூடியது.
தொட்டி அதற்குப் பிறகு அசையவில்லை.