உடைவுப் பதிவேடு

லண்டனில் எந்தப் பாட்டு முதலாமிடம் என்பது
எனக்கு உடைவில்தான் தெரியவரும்.
அதிகம் வருவது அதிகம் உடையும்,
நூறில் பதினொன்று, சில கப்பலில் இருபது.
கோட்டையில், யோர்க் வீதியில், மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
காப்புறுதிக்காரனுக்கு எழுதுவேன்:
பெட்டி இலக்கம், கப்பல், பாட்டின் பெயர், துண்டுகள்.

கடலில் மூன்று கிழமை, சுங்கத்தில் இரண்டு.
அங்கே முதலாவதாய் நின்றவன்
இங்கே வைக்கோலை உதறி எழும்பும்போது
அங்கே ஒன்பதாவது,
அல்லது ஆளே இல்லை.
நட்சத்திர வெளிச்சம் மாதிரி என்பான்
வானொலியில் வேலை பார்க்கும் இராசநாயகம்.
எனக்கென்னவோ
கலியாணம் முடிந்து எட்டாம் நாள்
கைக்குக் கிடைத்த அழைப்பிதழ்.

ஒரே பாட்டை மூன்று பேர் பாடுவார்கள்,
அதுவும் ஒரே மாதத்தில், ஒரே பட்டியலில்,
வழக்கு வம்பு இல்லாமல்.
ஒருவன் பாணி காய்ச்சிய குரல்.
ஒருத்தி கண்ணீரைச் சுண்டில் அளந்து ஊற்றுவாள்.
மூன்றாவது வெறும் ஊதுகுழல், சொல்லே கிடையாது.
'எது அசல்?' என்றார் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு நியாயவாதி.
'இராகம் ஒன்று, ஆலாபனை ஆளுக்கொன்று' என்றேன்.
நம்பவில்லை.
மூன்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாவற்றிலும் நிலவு இருக்கும்.
பனி, மணிக்கூண்டு, சன்னலடியில் ஒருத்தி.
யாரும் குரலை உயர்த்துவதில்லை.
பின்னால் நாற்பது வயலின்
துரை வீட்டுப் பணியாள்களைப்போல்
கால்சத்தம் கேட்காமல் வந்து போகும்.

'இது எதால செய்யிறது?' என்று கேட்டான்
பெட்டி உடைக்கும் கருணாபால.
'அரக்கு' என்றேன்.
விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் பாஷையில் அது சாராயம்.
'அதுதான் இவங்க இப்படி இழுத்து இழுத்துப் பாடுறாங்க.'

நான் சொன்னது பூச்சியின் எச்சில்.
ஏதோ ஒரு காட்டு மரத்தில் ஊறி,
கல்கத்தாவில் கப்பலேறி,
இங்கிலாந்தில் அழுந்தி வட்டமாகி,
முன்பின் தெரியாத ஒருவன் காதலைச் சுமந்துகொண்டு
திரும்பவும் இந்தக் கடலுக்கே வருவது.
பாண்டவருக்குக் கட்டிய வீடும் இதனால்தான்.
நன்றாக எரியும்.
அதற்கும் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு.

ஐம்பத்துமூன்று, ஆகஸ்ட் பன்னிரண்டு.
கொத்து அரிசி இருபத்தைந்து சதம் விற்றது
எழுபது ஆகியிருந்தது.
கதவை இறக்கிவிட்டு உள்ளே ஐந்து பேர்:
நான், கருணாபால, முதலாளியின் மைத்துனர்,
தட்டச்சு மிஸ் ஸ்கொக்மன்,
எங்கள் படியில் ஒதுங்கிய ஒரு தபால்காரன்.
வெளியே ஓடுகிற சத்தம்.
பிறகு ஓடாத சத்தம். அதுதான் மோசம்.

மிஸ் ஸ்கொக்மன் பெட்டியின் கைப்பிடியை முறுக்கி
அந்தக் கிழமை வந்த முதலாமிடத்தை வைத்தாள்.
'அன்பே, நமக்கு நேரம் நிறைய இருக்கிறது'
என்று தொடங்கினான் அவன், அவசரமே இல்லாமல்.
காலையிலிருந்து சாப்பிடாத தபால்காரன்
மரியாதைக்குத் தலையாட்டினான்.
கதவில் ஒரு கல்.
ஊசி துள்ளி விழுந்தது.
நேரம் நிறைய, நேரம் நிறைய, நேரம் நிறைய.
யாரும் எழுந்துபோய் அதை எடுக்கவில்லை.

மந்திரிமார் துறைமுகத்தில்,
வெள்ளைக்காரனின் போர்க்கப்பலில் கூடினார்களாம்.
பிறகுதான் கேள்விப்பட்டோம்.
எங்கள் அடுத்த பெட்டிகளும் அதே தண்ணீரில்தான் நின்றன,
இறக்க ஆளில்லாமல்.

அந்தத் தட்டைப் பதிவேட்டில் ஏற்ற முடியவில்லை.
துண்டுகள்: இல்லை. உடைவு: உண்டு என்று எழுதினேன்.
காப்புறுதிக்காரன் சிவப்பு மையில்
விளக்கம் தரவும் என்று திருப்பி அனுப்பினான்.
தரவில்லை.

நாலைந்து வருடத்தில் உடையாத தட்டு வந்தது.
அதில் பையன்கள் கத்தினார்கள்.
என் மேசையை எடுத்துவிட்டார்கள்.

கருணாபால அந்தத் தட்டைக் கொண்டுபோய்
கொதிநீரில் போட்டு வளைத்துக் கிண்ணமாக்கி
வீட்டில் அரிசி அள்ள வைத்திருக்கிறான்.
நடுவில் ஓட்டை இருக்குமே.
அதை எதால் அடைத்தான் என்று
நான் கேட்கவில்லை.