பதினொன்றில் நான்கு

செவ்வாய்க்கிழமை. பவளத்துக்கு உரிய நாள் என்பார்கள்.
நாற்றம்தான் முதலில் சொன்னது.
வடிகுழாயோ, மேல்வீட்டுக் குப்பையோ என்று
அடுப்படியெல்லாம் மோந்து பார்த்துவிட்டுக்
கடைசியில் உன் தொட்டிக்கு வந்தேன்.
நீல விளக்கின் கீழே
தீப்பந்தப் பவளத்தின் ஒரு தலையில்
பழுப்பாய்ச் சளி,
மூக்கொழுகும் பிள்ளையுடையது போல.

நீ கெர்த்தேயிலிருந்து எண்ணெய் மேடைக்குப் போய்
பதினேழு நாள். திரும்ப இன்னும் பதினொன்று.
தலையும் பதினொன்று.
அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

உன் தொட்டிக்கு நான் பகையாளி, தெரியும்தானே.
மாதம் நூற்றெண்பது வெள்ளி கரண்டுக்கு,
சோபா போட வேண்டிய இடத்தில் உப்பு வாளிகள்.
கல்லுக்கு எதுக்கு இவ்வளவு சேவகம் என்றவள்
நான்தான்.
அன்றிரவு உன் குரல்
கடற்காற்றில் பாதி பிய்ந்து வந்தது.
"தொட்டி எப்படி இருக்கு?"
"இருக்கு."
பொய்யில்லை.

புதன் காலை மூன்று தலை.
ஜெலுத்தோங் மீன்கடை ஆ சூன்
கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச்
சப்புக்கொட்டினார்.
"வெட்டணும். இன்னைக்கே.
நாளைக்குன்னா வேணாம், புதுசு வாங்கிக்கோ."
எதால் வெட்ட?
தோளைக் குலுக்கினார்.

பத்தொன்பது வருஷம்
பல் டாக்டர் கோர் நீட்டும் கையில்
கேட்குமுன் கருவி வைத்தவள் நான்.
ஒருநாளும் நானே வெட்டியதில்லை.
பல்செட் ராவும் பழைய கைமோட்டார்,
வைரத் தகடு ஒன்று, ஊசிக்குழல்,
பாதி போத்தல் அயோடின்: இரவல் கேட்டேன்.
"யாருக்கு?"
"கோரலுக்கு" என்றேன்.
யாரோ பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டு
"வலி மருந்தும் எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

சமையல் மேடையில் துண்டை விரித்தேன்.
ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர்,
இன்னொன்றில் அயோடின் கலந்து, தே-ஓ நிறத்தில்.
சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு
வெளியே தூக்கினால்
மிஞ்சிய விரல்கள் அத்தனையும்
சரக்கென்று உள்ளே போயின.
நாற்காலியைச் சாய்த்ததும் வாயை மூடிக்கொள்வார்களே,
அதேதான்.
இதையா மூன்று வருஷமாய்க் கல் என்றேன்?

அதே கீச்சொலி.
முகக்கவசத்தின் மேல் அதே சுண்ணாம்புத் தூள்.
சூடேறாமல் இடக்கை தண்ணீர் பீய்ச்ச,
வலக்கை, எந்த டாக்டருக்கும் சொந்தமில்லாத வலக்கை,
நோய் நின்ற கோட்டுக்கு அப்பால்
ஒரு விரல்கடை நல்லதையும் விட்டுக்கொடுத்து
அறுத்தது.
கொஞ்சம்தான், இதோ, முடிஞ்சது என்று
வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது,
கிளினிக்கில் சொல்லும் மலாயில்.

இரவு ஆறு தலை.
வியாழன் ஆறு.
வெள்ளி ஒன்று பழுத்தது, மறுபடி மோட்டார்.
சனிக்கிழமை புகைமூட்டத்தில் பாலமே காணோம்,
இன்னொன்றும் போயிருந்தது.
நான்கு.
ஞாயிறும் நான்கு.
திங்களும்.

ஐந்தில் ஒன்றைக் கிள்ளக் கொடுத்துவிட்டு
நான்கோடு நிற்கும் சாமி ஒருவர் நமக்கு உண்டு.
அவருக்கும் பிழைப்பு நடக்கத்தான் செய்கிறது.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது
இருப்பதில் சின்னத் தலையிலிருந்து
பச்சை நுனியோடு ஒரு விரல் வந்து
தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
உள்ளே போனது.
மறுபடி வருமா என்று நின்றதில்
பேருந்து போய்விட்டது.

நீ வந்ததும் எண்ணுவாய்.
ஏழு எங்கே என்பாய்.

பிடுங்கிய பல்லைச் சிலர்
கேட்டு வாங்கித் தாளில் மடித்துப்
பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.
எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.
ஏழையும் பிரஷ் போட்டுக் கழுவிப்
பஞ்சுத் துணியில் சுற்றி
உன் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.
நாற்றமில்லை.
மோந்து பார்த்துவிட்டேன்.