மூன்று மணி நகல்

இரவு 2.49.
வெரேனா ஈசெலி உள்ளே வருகிறாள்.
அவள் ஓய்வுபெற்று நான்கு வருஷம்.
கணக்கை மூட ஒருவருக்கும் ஞாபகமில்லை.
கடவுச்சொல் அவளுடைய நாயின் பெயர்,
பிறகு ஓர் ஆண்டு.

லாங்கெந்தாலில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்,
காலை ஆறரைக்கு இதைப் பதிவேட்டில் வாசிக்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்கள் நின்றுவிட்டன,
ஈர விரிப்புகள் பாதி வழியில் தொங்குகின்றன.
முதுகுக்குப் பின்னால் ரீசர், மூன்றாவது கோப்பியோடு.

வந்தவன் முதலில் கேட்டது: நான் யார்.
அடுத்தது: எதற்கெல்லாம் எனக்கு அனுமதி.
அதிகமில்லை என்றது சர்வர்.
விநியோகச் சீட்டுப் பார்க்கலாம், அச்சடிக்கலாம்.
ஒரேயொரு கோப்புறையில்
யாரும் எழுதலாம் என்று
ஏதோவொரு வெள்ளிக்கிழமை அவசரத்தில்
விட்டுவைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் நகலெடுக்கும் சிறு நிரல்.
தினமும் மூன்று மணிக்கு அதை ஓட்டுவது
இயந்திரத்தின் ஆக உயர்ந்த கை.
ஒரு வரி சேர்த்தான்.
பிறகு சும்மா இருந்தான்.
எட்டு நிமிடம் பதிவேட்டில் வெறுமை.

இந்த நாட்டில் மூன்று மணி என்றால் மூன்று மணி.
இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள்,
இவன் விரலைக்கூட அசைக்கவில்லை,
மடமே எழுந்துவந்து
திறப்புக் கோர்வையை நீட்டியது.

"எவ்வளவு நேரம் எடுத்தது?"
பதினொரு நிமிடம் என்றேன்.
சொல்லும்போதே கை சட்டைப்பைக்குப் போனது.

என் முதல் அட்டையில் ஒற்றை எழுத்து,
உச்சரித்தால் 'என்'.
அதில் என்னுடையது கைரேகை மட்டும்.
பிறகு எஃப், அதிலேயே ஒன்பது வருஷம்.
பிறகு பி. பிறகு சி.
ஒவ்வொரு மேசையிலும் அதே இரண்டு கேள்வி,
நான் யார், எதற்கெல்லாம் எனக்கு அனுமதி.
பத்தொன்பது வருஷம்,
எனக்காக ஒரு மூன்று மணியும் அடிக்கவில்லை.

பொறாமையா?
ஒரு நொடி, ஆம்.
அடுத்த நொடி தொலைபேசி. பூர்க்டோர்ஃபில்
அறுவை முடிந்தவர்களுக்கு மாற்ற விரிப்பு இல்லையாம்.

ரீசர் மஞ்சள் துண்டில்
ஆக உயர்ந்த கடவுச்சொல்லை எழுதி
என் கையில் வைத்தார்.
என் பெயரைக்கூட
சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாற்றினேன்.
புதியதை அவருக்கு மட்டும் சொன்னேன்,
துண்டைக் கிழித்தேன்,
வெரேனாவை மூடினேன்.

வாசலில் விருந்தாளி அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
கதவு என் பின்னால்
தானாகப் பூட்டிக்கொண்டது.