குர்க்லா சதுப்பில் அக்டோபர்

தார்த்துவிலிருந்து இரண்டு மணி நேரம்.
வண்டியின் பின்னால் மடித்துக் கிடந்த என் நாற்காலி
வளைவுக்கு ஒருதரம் முனகிக்கொண்டே வந்தது.

படிவம் நாலு பக்கம்.
சரிவு, பன்னிரண்டுக்கு ஒன்று: சரி.
அகலம், இரண்டு சக்கர நாற்காலிகள்
சண்டை போடாமல் எதிரெதிரே கடக்கலாம்: சரி.
பலகைகள் குறுக்கே, இடுக்கில் சுண்டுவிரலும் நுழையாது: சரி.
போன வருடம் வேறொரு காட்டில்
நெடுக்காக அடித்து வைத்திருந்தார்கள்.
முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிட,
நானும் ஒரு துருப்பிடித்த ஆணியும்
முக்கால் மணி நேரம் பழகினோம்.

இங்கே தச்சன் ஹில்லார்.
முன்னே நடந்தான், பின்னே நடந்தான்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசியில் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான்.
தள்ளட்டுமா என்று கேட்கவில்லை.
அதற்கே பாதி மதிப்பெண்.

"ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பலகை" என்றான்.
நான் எண்ணவில்லை.
அவை தாமே எண்ணிக்கொண்டன
என் இடுப்பெலும்பில்,
டக், டக், டக்.

முடிவில் பார்வை மேடை.
"எப்படி இருக்கிறது?"
"மரம் நன்றாயிருக்கிறது."
"எந்த மரம்?"
"இதோ, என் கண்ணுக்கு நேரே ஓடுகிற இந்தக் கைப்பிடிக் கட்டை.
மேலே வானம் தெரிகிறது. கீழே தண்ணீர் தெரிகிறது.
நடுவில் ஏதோ இருக்க வேண்டும்,
நீ சொன்னால் நம்புகிறேன்."

மண்டியிட்டான்.
ஈரத்தில் முழங்கால் இரண்டும் கறுத்தன.
என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அவன் கன்னம்,
பைன் பிசினும் காலையில் தின்ற வெங்காயமும்.
நெடுநேரம் பார்த்தான்
தானே இழைத்து, தேய்த்து, எண்ணெய் பூசிய கட்டையை.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
கருவிப்பையைத் திறந்தான்.
எட்டுத் திருகாணிகள்.
ஏழு சொன்னபடி கேட்டன,
எட்டாவது கெட்ட வார்த்தைக்குத்தான் இறங்கியது.

கட்டை போன இடத்தில்
பெரிதாய் ஒன்றுமில்லை.
பெருங்கொக்குகள் போன வாரமே தெற்கே கிளம்பிவிட்டன.
பழுப்புப் பாசி. மையூற்றினாற்போல் ஒரு குளம்.
கரையில் பைன்கள்,
நூறு வயதாகியும்
இந்தப் புளித்த தண்ணீர் அனுமதித்ததற்கு மேல்
ஒரு விரற்கடை வளராதவை,
உட்கார்ந்திருக்கும் என் உயரம்.
யாரும் குனியாமல், யாரும் நிமிராமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

"நாளைக்கு நாலு விரல் இறக்கி அடிக்கிறேன்."
"ஒரு சாண்."
"ஒரு சாணுக்குச் சட்டம் ஒத்துக்கொள்ளாது."
"சட்டம் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது?"

பதில் இல்லை. தூறல் பிடித்தது.
படிவத்தில் கைப்பிடிக்கு ஒரு கட்டம் இருந்தது,
கண்ணுக்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன், மை ஊறிப் பரவியது.

கழற்றிய கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
முன்னால் நடந்தான் ஹில்லார்.
திரும்பும்போதெல்லாம் அதன் நுனி
என் தலைக்கு மேல் வீசிப் போனது.
இரண்டு முறை குனிந்தேன்.
மூன்றாம் முறை திட்டினேன்.