எழுபத்தொன்றில் நிற்கிறது

நான்காவது டிரைவிலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.
சுற்றும், முனகும், மூச்சு வாங்கும்,
எழுபத்தொரு சதவீதத்தில் நின்றுகொள்ளும்
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் சரக்கு லாரி மாதிரி.

மாதேஸ்வரி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள்.
வியாழக்கிழமை வாய்தா.
கல்யாணமே நடக்கவில்லை என்கிறான் திம்மராயன்.
பதிவு இல்லை. பத்திரிகை கரையானுக்குப் போயிற்று.
ஆல்பம் அவன் வீட்டுப் பரணில் இருந்தது,
இப்போது பரணே இல்லையாம், மாடி எடுத்துவிட்டார்களாம்.
"நீங்க எடுத்ததுதானேண்ணா."

நான்தான்.
காவேரிப்பட்டணம், இரண்டாயிரத்து ஆறு, வைகாசி.
பெங்களூரில் நூறு தட்டைக் கம்பியில் கோத்து விற்பார்கள்,
பெயரில்லாத சரக்கு, ஒன்று ஐந்து ரூபாய் விழும்.
உறைக்கு மட்டும் வழவழத் தாள்,
இரண்டு மயில், நடுவே பொன்னெழுத்து:
நூறாண்டு அழியாத நினைவுகள்.
அந்த நூறை அச்சுக்குக் கொடுத்தவனும் நான்.
யாரையும் கேட்கவில்லை.
வாழ்த்துகிறபோது வாயில் வருகிற எண் அது.

கடையில் வாங்கும் படத்தட்டில் பள்ளம் குத்தியிருக்கும்.
நாங்கள் பதிவது சாயத்தில்.
லேசர் கொஞ்சம் சுடுகிறது,
மிச்சத்தை வெயில் சுடுகிறது.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரப்பெட்டி,
பதினெட்டு சித்திரை.

தூக்கிப் பிடித்தேன்.
ஊசித் துளைகளில் டியூப்லைட் தெரிந்தது.
சிதறிய துளைகள் இல்லை, வளைந்து வளைந்து போயின.
'மா'வின் கால்.
'தே'யின் கொம்பு.
'தி'யின் சுழி.
மார்க்கர் பேனாவால்
அழகாக இருக்கட்டும் என்று நான் எழுதிய பெயர்கள்,
அதன் ஸ்பிரிட் மேல்பூச்சைத் தின்று
உள்ளே இறங்கியிருக்கிறது.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

"மாஸ்டர் டேப் கேக்கச் சொன்னாரு வக்கீலு."
அதன்மேல் அடுத்த வாரமே
பாலக்கோட்டுக் காதுகுத்து ஒன்று ஏறிவிட்டது.

ஓடுகிற வரை ஓடவிட்டோம்.
பந்தக்கால் இருக்கிறது.
நலங்கு இருக்கிறது, அவள் சித்தி கேமராவை முறைக்கிறாள்.
ஜெனரேட்டர்காரன் தூங்குவதுகூட முழுசாக இருக்கிறது.
மாப்பிள்ளை வருகிறான், மாலைக்குமேல் முகம் எழும்போது
சதுரம் சதுரமாக உடைகிறான்.
கெட்டிமேளத்துக்கு யாரோ விரலைத் தூக்குகிறார்.
அந்த விரலோடு நின்றுவிடுகிறது.

வியாழன் அன்று கூண்டில் நான் ஏறினேன்.
"தாலி கட்டினதைப் பார்த்தீங்களா?"
பார்த்தேன்.
"பொடவை என்ன கலர்?"
தெரியாது.
"ரெண்டடி தூரத்துல நின்னீங்க. கலர் தெரியாது?"
கேமராவுக்குள்ளே பார்த்தேன் சார்.
அந்தக் கேமராவில் கண் வைக்கிற இடம் கறுப்பு வெள்ளை.
சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
"பதினெட்டு வருஷம். உங்க ஞாபகத்துக்கு என்ன கேரண்டி?"
நூறு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
முதல் முடிச்சு நழுவிற்று அம்மா.
அவன் கை நடுங்கிற்று, நாத்தனார் பிடித்துக்கொடுத்தாள்.
ஃபோகஸ் போய்விடுமே என்று நான் மூச்சை அடக்கினேன்.
இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

தீர்ப்பு ஆடி கழித்து என்கிறார்கள்.

கோர்ட் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"கிளிப்பச்சைண்ணா. பார்டரு மஞ்ச."

பீரோவில் இன்னும் அறுநூற்றுச் சொச்சம் தட்டுகள்.
ராத்திரி ஒவ்வொன்றாகப் போட்டு
ஹார்ட் டிஸ்க்கில் இறக்குகிறேன், இரண்டு பிரதி.
யாரும் கேட்கவில்லை, காசும் வராது,
சிலது நாற்பதில் நிற்கிறது, சிலது தொடக்கத்திலேயே.
அவளுடையதைக் கடைசியாகத் துடைத்து உறையில் போட்டேன்.
மயிலுக்குக் கீழே இடம் இருந்தது.
கிளிப்பச்சை என்று எழுதினேன்,
தட்டில் இல்லை, உறையில்,
பென்சிலால்.