முப்பது குளிசை

சவிரிமுத்தர் முன்பு
சீனிக் குளிசைக்காக
விடியப்புறம் வள்ளம் ஏறுவார்.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி,
வாசல் தாண்டி வளையும் வரிசை,
பஸ் காசு, ஒருநாள் தொழில் நட்டம்.
பிறகு போகாமலே விட்டார்.
காலில் ஒரு விரல் போனது.

இப்போது செவ்வாய்தோறும்
எழுவைதீவில் நாங்கள் கதவு திறக்கிறோம்.
தராசு, பிரஷர் மெஷின்,
ஐஸ் பெட்டியில் தடுப்பூசி,
வரும் வழியில் கடல் நனைத்த
பெயர்க் கொப்பி.

முப்பது குளிசை எண்ணி
உறையில் போட்டு நீட்டினேன்.
வாங்காமல் கேட்டார்:
"மாற்றம் வந்தால்
நீங்களும் போயிடுவியளோ, பிள்ளை?"

அவரது துண்டில்
அடுத்த செவ்வாயின் திகதியை எழுதி
இரண்டு தரம் கோடு கீறினேன்.

அவர் துண்டைப் பார்க்கவில்லை.
என் முகத்தையே
பார்த்துக்கொண்டு நின்றார்.
பின்னால் வரிசையில்
ஒரு குழந்தை இருமியது.