கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள்

வவுனியாவிலிருந்து சித்தப்பா
ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார்:
"தொழில்வழிச் சிகிச்சை எண்டால் என்ன பிள்ளை,
வேலை இல்லாத சனத்துக்கு
வேலை எடுத்துக் குடுக்கிறியோ?"
ஓம் என்றுவிடுவேன்.
வாட்ஸப் விட்டுவிட்டுக் கேட்கும்.
விளக்கங்கள் அவ்வளவு தூரம் தாங்காது.

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
மறுவாழ்வுப் பிரிவு, மூன்றாம் மாடி.
லிகாயா பங்கிலினன், வயது அறுபத்து மூன்று,
வலக்கை நவம்பர் ஒன்பதாம் திகதி
காலைத் தேநீரோடு நின்றுபோனது.

கோப்பில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு.
நடக்கவேண்டும் என்பார்கள் அநேகர்.
ஒருவர் ரொட்டிக்கு வெண்ணெய் பூசக் கேட்டார்,
ஒருவர் நாயைக் குளிப்பாட்ட.
லிகாயா ஒரே சொல் சொன்னார்:
ஜிப்.

இருபத்திரண்டு வருடம்
குளிர்ச்சட்டைத் தொழிற்சாலையில் ஜிப் தைத்தவர்.
நாளுக்கு நூற்று நாற்பது.
"இந்த ஊரில் பாதிப்பேரைப்
பூட்டி வைத்திருப்பது நான்தான்"
என்று சிரிக்கையில்
உதட்டின் வலது ஓரம்
கொஞ்சம் பிந்தி வந்து சேரும்.

காந்தம் வைத்த ஜிப் ஒன்று கொண்டுபோனேன்.
கிட்ட வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும்.
ஒருதரம் பூட்டினார், ஒருதரம் கழற்றினார்,
மேசையில் தள்ளிவிட்டார்.
"இது ஜிப் இல்லை. ஃபிரிட்ஜ் கதவு."

சரி, பழைய ஜிப்.
ஏழு நாள்.
அசையாத வலக்கையைத் தூக்கி
சட்டை ஓரத்தின்மேல் வைத்தோம்,
காகிதம் பறக்காமல் கல் வைப்பதுபோல.
நீ ஒன்றும் செய்யவேண்டாம், பாரமாக இரு.
இடக்கை மற்றதைப் பார்க்கட்டும்.

அந்தச் சின்னக் கம்பி
அந்தச் சின்னப் பொந்துக்குள் போகவேண்டும்.
அவ்வளவுதான்.
போகாது.
அப்போது என் விரல்கள் துடிக்கும் பாருங்கள்!
இரண்டு விநாடி வேலை.
வீட்டில் ஏச்சு வாங்கிய அதே வசனத்துக்கு
இங்கே சம்பளம் தருகிறார்கள்:
கையைக் கட்டிக்கொண்டு நில்.
நான் கட்டுவதில்லை. சட்டைப்பைக்குள் விடுகிறேன்,
உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட்டை
உருட்டி உருட்டிப் பொடியாக்குகிறேன்.

வீட்டுக்குப் போகும் நாள்.
கீழே கார் உறுமுகிறது.
மகள் மேரிசெல் வாசலில், திறப்போடு.
ஆறு நிமிடம்.
"நான் பூட்டிவிடவா?"
பொறுங்கள் என்றேன்.
கல்நெஞ்சுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பிழையென்று சொல்லமாட்டேன்.
ஒன்பது நிமிடம்.
லிகாயாவின் நெற்றியில் வியர்வை.
பதினோராவதில் கம்பி உள்ளே போனது.
சத்தம் வரவில்லை,
அவர் மூச்சை விட்டதில்தான் தெரிந்தது.
இழுத்தார். நெஞ்சுவரை ஏறி
சால்வையைக் கடித்துக்கொண்டு நின்றது ஜிப்.
நீண்ட மகளின் கையில்
இடக்கையால் ஒரு தட்டு.
மேலே திறந்தபடியே
மைனஸ் முப்பத்தொன்றுக்குள் இறங்கிப் போனார்,
நாட்டுக்கே சட்டை தைத்தவர்.

அறிக்கையில் எழுதினேன்:
மேலுடை அணிதல்: தானாக.
நேரம் கூடுதலாகத் தேவை.
வலக்கை: நிலைப்படுத்தப் பயன்படுகிறது.
அந்த வரியை எழுதும்போது சிரிப்பு வந்தது.
வேலையில்லாமல் இருந்த ஒன்றுக்கு
ஒரு வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், சித்தப்பா.

மாலை ஐந்தே கால்.
குழந்தைகள் காப்பகத்தின் ஈர மிதியடியில்
என் ஐந்து வயது மகன் ஆதவன்,
நாக்கு வெளியே, கண் இடுங்கி,
கம்பியைப் பொந்துக்குள் விடப் பார்க்கிறான்.
"நானே, அம்மா. நானே."

கண்ணாடிக்கு வெளியே
பதினாறாம் இலக்க பஸ் திருப்பத்தில் தெரிந்தது.
அடுத்ததுக்கு அரை மணித்தியாலம்.

குனிந்து பூட்டிவிட்டேன்.
இரண்டு விநாடி.
பஸ்ஸில் வீடுவரை அவன் பேசவில்லை.